தப்பு கண்டுபிடித்தால் கரிபாப்

இதனால் உலகோர் அனைவருக்கும், குறிப்பாக ஜொகூர் மாநில மக்களுக்கும், இன்னும் குறிப்பாகக் கெலாங் பாத்தாவில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: மனித குலம் ஆதிகாலம் தொட்டுப் பின்பற்றி வந்த கல்விமுறை, வரும் செவ்வாய்க்கிழமை காலை, அனைவரும் பசியாறிய பின், தெற்குச் சுடர் பொறியியல் கல்லூரி மண்டபத்தில் தலைகீழாகக் கவிழ்க்கப்படும். வருகையாளர்கள் பாத்தேக் சட்டை அணிந்து வரவும்.

அறிவிப்பை எழுதியவர் கல்லூரி இயக்குநர், பேராசிரியர், பொறியாளர், முனைவர் மனோகரன். அவருக்கு இன்னும் டத்தோ பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குரிய நடை வந்துவிட்டது. வராந்தாவில் அவர் வருகிறார் என்றால், முதலில் வயிறு வரும், பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு அவர்.

நம் நாட்டில் எதையும் சும்மா தொடங்கிவிட முடியாது. கண்ணாடி உருண்டையில் கை வைக்க வேண்டும், விளக்கு மின்ன வேண்டும், எங்கிருந்தோ புகை வர வேண்டும். கவிழ்ப்பு விழா என்பதால் மனோகரனுக்குப் புதுமையாக ஒன்று தோன்றியது. மேடையில் தாமே பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசித் தொடக்கி வைப்பது. எதிர்க் கடை மாஸ்டரைக் கூப்பிட்டு முதல் நாள் ஒத்திகையும் பார்த்தார். ஒத்திகையில் துணித் துண்டு வைத்துப் பழகினார். விழாவில் மாவு வைத்து வீசினார். மாவு துண்டு அல்ல. அது அழகாக விரிந்து, மேலே எழும்பி, ஒரு கணம் கல்லூரிச் சின்னத்தை மறைத்து நின்று, பிறகு முன்வரிசையில் இருந்த கௌரவ விருந்தினரின் மடியில் இறங்கியது. நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. விருந்தினரும் சிரித்தபடி மாவைத் தூக்கிக் காட்டினார். கல்விமுறை கவிழ்ந்தது.

விஷயம் என்னவென்றால், இது உண்மையிலேயே நல்ல யோசனை. வழக்கமாக ஆசிரியர் வகுப்பில் பாடம் நடத்துவார், மாணவன் வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து கணக்கோடு மல்லுக்கட்டுவான். புதிய முறையில் மாணவன் வீட்டிலேயே வீடியோவில் பாடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் எல்லோரும் கூடிக் கணக்குப் போட வேண்டும். ஆசிரியர் அவர்கள் நடுவே நடந்து, முட்டிக்கொண்டு நிற்பவனுக்குக் கை கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளக் கல்லூரிக்கு மூன்று குழுக்கள், ஒரு சின்னம், ஒரு கருப்பொருள் பாடல், மலாக்காவில் ஒரு கடற்கரை விடுதியில் பட்டறை ஆகியவை தேவைப்பட்டன.

யார் செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான் சிக்கல். நிரந்தர விரிவுரையாளர்களில் ஒருவருக்குத் திடீரெனத் தொண்டை கட்டிக்கொண்டது. இன்னொருவருக்குக் கேமரா வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவரே சொல்லியிருந்தார். கடைசியில் எலைன் மாட்டினாள். எலைன் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்த ஊழியர்களுக்குத் தொண்டை கட்டுவதில்லை.

எலைன் பொந்தியான்காரி. கெலாங் பாத்தாவில் அக்காள் டோரிஸ் வீட்டில் தங்கி, முதலாண்டு மாணவர்களுக்கு நிலையியல் நடத்தினாள். அதாவது, அசையாத பொருள்கள் ஏன் அசையாமல் இருக்கின்றன, பாலமும் பரணும் ஏன் விழாமல் நிற்கின்றன என்கிற பாடம். அவளுடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. பருவ முடிவில் கோலாலம்பூரிலிருந்து தர மதிப்பீட்டுக் குழு வரும். மாணவர்களிடம் 'ஈடுபாடு' இருப்பதாக அவர்கள் கண்டால் எலைனுக்கு நிரந்தர வேலை. காணாவிட்டால் நன்றி, வணக்கம்.

வணக்கத்துக்குப் பிறகு என்ன என்பதை டோரிஸின் கணவர் ரேமண்ட் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார். அவர் தினமும் விடியுமுன் மோட்டாரில் இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு, துவாஸில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவர்.

"எலைன், எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்க. நாள் முழுக்க ஸ்குருவப் பாக்கணும். நல்ல ஸ்குருவா, கெட்ட ஸ்குருவா, அவ்வளவுதான். சிங்கப்பூர் காசு. ஸ்குரு உன்ன எதிர்த்துப் பேசாது."

"அதான் அத்தான் பிரச்சன. யாராச்சும் எதிர்த்துப் பேசினாத்தான் எனக்கு வேல செஞ்ச மாதிரி இருக்கும்."

"இப்ப மட்டும் உன் பசங்க பேசறாங்களா?"

எலைனின் மாணவர்கள் பேசுவதில்லை. தூங்குவார்கள். அதையும் மரியாதையாக, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். இருந்தாலும் அவளுக்கு வகுப்பில் நிற்க வேண்டும். அந்த ஆசைக்குக் காரணம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சிலருக்கு டுரியான் பிடிக்கும். அவளுக்கு வகுப்பு பிடிக்கும்.

சாப்பாட்டு மேசையில் கைத்தொலைபேசியைச் சட்னி போத்தலில் சாய்த்து வைத்து அவள் வீடியோக்களைப் பதிவு செய்தாள். பின்னணியில் டோரிஸ் மீன் பொரிக்கும் சத்தம் கேட்கும். முதல் வாரத்திலேயே இயக்குநர் அறையில் தொங்கிய பெரிய திரை பச்சைப் பசேலென்று மாறியது. எந்த மாணவன் எவ்வளவு வீடியோ பார்த்தான் என்பதைக் காட்டும் திரை அது. எல்லோரும் எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்திருந்தார்கள்.

"பாத்தீங்களா எலைன்? நூறு விழுக்காடு! இதான் ஈடுபாடு!" என்றார் மனோகரன்.

உண்மையில் நடந்தது வேறு. அமண்டா என்கிற மாணவி தன் வீடியோவைத் தம்பியின் கைத்தொலைபேசியில் ஓடவிட்டு, அதைத் தலையணைக்கடியில் வைத்துவிடுவாள். ஹாஃபிஸ் என்கிற மாணவன் பிள்ளையைத் தாலாட்ட ஓடவிடுவான். பிள்ளை அவனுடைய அக்காளுடையது. எலைனின் குரல் கேட்டால் உடனே தூங்கிவிடுமாம். யுகேந்திரன் செடெனாக்கிலிருந்து மோட்டாரில் வருகிறவன். அவன் கைத்தொலைபேசியைக் கால்சட்டைப் பையில் போட்டு வழியெல்லாம் ஓடவிடுவான். நெடுஞ்சாலை முழுவதும் விசையும் திருப்பமும் அவன் தொடையில் அதிர்ந்துகொண்டே வரும். வகுப்புக்கு வந்தால் எதுவும் தெரியாது.

"முந்தி கிளாஸ்ல மட்டும் தூங்குனாங்க. இப்ப வீட்டுலயும் தூங்குறாங்க," என்றாள் எலைன் அக்காளிடம்.

பிறகு ஒரு நாள் மழை பெய்தது.

மறுநாள் வகுப்பில் யுகேந்திரன் கையைத் தூக்கினான். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கிறான் என்று நினைத்து எலைன் தலையாட்டினாள். அவன் போகவில்லை.

"மிஸ், நேத்து வீடியோல ஒரு பலக. ரெண்டு முனையிலயும் தாங்கல். ஒரு குண்டு ஆளு இடது ஓரமா உக்காந்திருக்காரு. நீங்க வலது தாங்கலுக்குத்தான் பாரம் ஜாஸ்தின்னு சொன்னீங்க."

"ஆமா."

"சாலா மிஸ்."

வகுப்பு திரும்பியது. ஆசிரியரைப் பார்த்து 'சாலா', அதாவது தப்பு, என்று ஒருவன் சொல்கிறான். ஹாஃபிஸ் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எப்படிச் சொல்ற?"

"எங்க ஐயாசாமி மாமா கல்யாண வீட்டுல பெஞ்சில இந்த ஓரமா உக்காந்தாரு. இந்தக் கால்தான் மிஸ் ஒடிஞ்சுச்சு. அந்தக் காலு இன்னும் நல்லாருக்கு. அதுல எங்கம்மா கறிவேப்பிலச் செடிக்கு முட்டுக் குடுத்திருக்காங்க."

எலைனுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு ஒன்று. "நீ வீடியோவ முழுசாப் பாத்தியா?"

"சத்தியமா வேணும்னு பாக்கல மிஸ்," என்றான் யுகேந்திரன் குற்றவாளியைப் போல. "செனாய்கிட்ட மழ. மேம்பாலத்துக்குக் கீழ மோட்டார நிப்பாட்டிட்டேன். போன்ல லைன் இல்ல. உங்க வீடியோ மட்டும்தான் டவுன்லோட் ஆயிருந்துச்சு. பக்கத்துல நின்ன ரெண்டு அண்ணனுங்களும் எட்டிப் பாத்தாங்க. அப்புறம் அவங்களுக்குள்ளயே சண்ட. ஒருத்தர் உங்க கட்சி மிஸ்."

"டேய், மிஸ் சரியாத்தான் போட்டிருப்பாங்க. நீ தலகீழாப் பாத்திருப்ப," என்றாள் அமண்டா.

"நீ தலகாணிக்குக் கீழ பாத்தவ, நீ பேசாத."

"அலமாக்! உனக்கு யாருடா சொன்னா?"

"உன் தம்பி."

எலைன் கரும்பலகையில் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். இடதையும் வலதையும் மாற்றி எழுதியிருந்தாள். டோரிஸ் அந்த நேரத்தில்தான் 'மீனுக்கு உப்புப் போட்டியா' என்று கேட்டிருக்க வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் நான்கு பேர் பின்வரிசை பெஞ்சை வகுப்பு நடுவே இழுத்து வந்துவிட்டார்கள். ஹாஃபிஸ் ஓரத்தில் உட்கார்ந்தான். அமண்டாவும் யுகேந்திரனும் ஆளுக்கொரு முனையைத் தூக்கினார்கள். அமண்டாவின் முனையில்தான் ஹாஃபிஸ் இருந்தான்.

"எறக்கு, எறக்கு! கை போச்சு!" என்றாள் அமண்டா. "சரி லா, மிஸ் தப்புதான்!"

வகுப்பே கைதட்டியது. எலைன் தன் ஆசிரிய வாழ்வில் இதுவரை ஒரு கணக்கையும் தப்பாகப் போட்டதில்லை. ஒருவனும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஒரு தப்பு செய்தாள், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

அன்று மாலை அக்காளிடம் கேட்டாள்: "வாரா வாரம் கொஞ்சம் கரிபாப் சுட்டுக் குடுப்பியாக்கா?"

அதிலிருந்து ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு தப்பு இருந்தது. வேண்டுமென்றே வைத்த தப்பு. வகுப்புக்கு வந்ததும் எலைன், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கரிபாப் நிறைந்த டப்பாவை மேசையில் வைப்பாள். இரண்டே சொல் கேட்பாள்: "எங்க தப்பு?" உடனே சந்தை திறந்துவிடும். தப்பைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது ஏன் தப்பு என்று கணக்குப் போட்டு, எதிர்த்துப் பேசுகிறவனை ஒத்துக்கொள்ள வைத்தால்தான் கரிபாப். டோரிஸின் கரிபாப்பை ஒரு தடவை தின்றவன் இன்னொரு தடவைக்காக நியூட்டனோடும் சண்டை போடுவான்.

பையன்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மேம்பாலத்துக்குக் கீழே மழையில்லாத நாளிலும் நின்று பார்த்தார்கள். ஒரு வாரம் எலைன் வைத்த தப்பு ஒன்று; மாணவர்கள் கண்டுபிடித்தது மூன்று. மற்ற இரண்டும் அவளுடைய சொந்தத் தப்புகள். அவள் வெட்கப்பட நேரமில்லை, டோரிஸிடம் கூடுதல் மாவு பிசையச் சொல்ல வேண்டியிருந்தது. ஹாஃபிஸ் தன் முதல் கரிபாப்பைத் தின்னாமல் அம்மாவுக்குக் காட்டக் கொண்டுபோனான்.

இந்த மாற்றம் எதுவும் இயக்குநரின் திரையில் தெரியவில்லை. ஏற்கெனவே எல்லாம் பச்சையாக இருந்ததால், அதற்கு மேல் பச்சையாவதற்கு இடமில்லை. அவருக்குத் தெரிந்தது சத்தம்தான். பக்கத்து அறை விரிவுரையாளர் புகார் சொல்ல, மனோகரன் வயிற்றை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தார். கதவைத் திறந்தார். ஒருவன் மேசைமேல் நிற்கிறான். இருவர் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து இழுக்கிறார்கள். அமண்டா, "ஃப்ரிக்‌ஷன மறந்துட்டியேடா முட்டாள்!" என்று கத்துகிறாள்.

"என்ன சண்ட இங்க?"

"சண்ட இல்ல சார். ஈடுபாடு," என்றாள் எலைன்.

மனோகரன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல்லை அவர் பல மேடைகளில் உச்சரித்திருக்கிறார். நேரில் சந்திப்பது இதுதான் முதல் முறை.

நல்லது எதையும் கண்டால் பெரியவர்கள் அதைத் தாமே செய்துவிட வேண்டும் என்று நினைப்பது வழக்கம். தர மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் காட்டப்போகும் வகுப்புக்கு வீடியோ தயாரிப்பது எலைன் அல்ல, இயக்குநர் என்று முடிவாயிற்று. சட்னி போத்தல் போய் ஒளிப்பதிவாளர் வந்தார். மீன் பொரிக்கும் சத்தம் போய்ப் புல்லாங்குழல் வந்தது. மனோகரனின் பட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறி முடிப்பதற்குள் ஒரு முட்டையை வேக வைத்து உரித்துவிடலாம். அதன் பிறகு ஒரு பாலம் வந்தது. பாலத்தின் நடுவே ஒரு லாரி. லாரியின் எடை பத்து டன். "ஆகவே மாணவர்களே," என்றார் திரையில் மனோகரன், "இடது தூண் தாங்குவது பத்து டன். வலது தூண் தாங்குவது பத்து டன்."

எலைன் சாப்பாட்டு மேசையில் இதைப் பார்த்தாள். ரேமண்ட் பின்னால் நின்று பார்த்தார்.

"பத்து டன் லாரி எப்பிடி இருவது டன் ஆச்சு?"

"அதான் அத்தான் தப்பு."

"உன் மாதிரியே வேணும்னு வச்சிருக்காரா?"

"அவருக்கு என் முறையே தெரியாது அத்தான். நாங்க கரிபாப் திங்கறோம்னு மட்டும்தான் தெரியும்."

மறுநாள் அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், வீடியோல அந்த லாரி..."

"லாரி நல்லாருக்கில்ல? என் மகன் வரஞ்சான்."

"நல்லாருக்கு சார். அந்த எடதான்..."

"பத்தாதா? பதினஞ்சு டன்னா மாத்திரவா?"

"அது இல்ல சார். தூண்ல போட்டிருக்கிறது..."

"எலைன்." மனோகரன் கண்ணாடியைக் கழற்றினார். "என் முனைவர் பட்டமே பாலத்துல."

அது உண்மைதான். பாலங்களுக்குப் பூசும் சாயத்தைப் பற்றியது. அவர் தொடர்ந்தார்: அன்றைக்கு வகுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், யாரும் மேசைமேல் ஏறக்கூடாது. கேள்வி கேட்க அமண்டாவைத் தாமே தேர்ந்தெடுத்து, கேள்வியையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் தலையாட்டினால் போதும்.

குழு வருவதற்கு முதல் நாள் எலைன் வகுப்பில் டப்பாவைத் திறக்கவில்லை.

"நாளைக்குத் தப்பு தேடக்கூடாது."

"ஏன் மிஸ்? பாத்துட்டோமே! அதுல நெறய இருக்கு மிஸ்!" யுகேந்திரனின் கண்கள் தீபாவளிக் காலையைப் பார்த்தவன்போல மின்னின. "எனக்குத் தெரிஞ்சே..."

"சொல்லாத. என்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு எல்லாம் ஒழுங்காப் போனா அடுத்த வருஷமும் இங்க இருப்பேன். இல்லன்னா துவாஸ்ல ஸ்குரு பாத்துட்டிருப்பேன்."

எல்லோரும் மூடியிருந்த டப்பாவைப் பார்த்தார்கள்.

"சரி மிஸ்," என்றான் யுகேந்திரன் கடைசியில். "வாயத் தொறக்க மாட்டோம். கரிபாப் மட்டும் உண்டா?"

"உண்டு."

மதிப்பீட்டு நாளன்று வாசலில் வாடகைப் பூச்செடிகள் வந்து இறங்கின. கழிவறையில் சோப்பு வைத்தார்கள். சோப்பைப் பார்த்த பிறகுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று மாணவர்களுக்குப் புரிந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர், கோலாலம்பூரிலிருந்து வந்த டாக்டர் கஸ்தூரி. குட்டையான, குறும்பான கண்களை உடைய அம்மையார். மற்ற இருவரும் மதியச் சாப்பாடு எங்கே என்று விசாரித்துவிட்டு அமர்ந்தார்கள். மனோகரன் கோட்டும் சிவப்புக் கழுத்துப் பட்டையுமாக நின்றார். வீடியோவின் லாரிப் பகுதி திரையில் ஓடி முடிந்தது.

"கேள்விகள் உண்டா?"

அமண்டா எழுந்தாள். "சார், இவ்வளவு கஷ்டமான பாடத்த எப்படி சார் இவ்வளவு எளிமையா வெளக்கறீங்க?"

"நல்ல கேள்வி," என்று ஆச்சரியப்பட்டு, மனோகரன் நெடுநேரம் பதில் சொன்னார். தம் இளமைக் காலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வகுப்பு தலையாட்டியது.

"வீடியோவ எல்லாரும் வீட்டுல பாத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர் கஸ்தூரி.

"பாத்தோம்."

"ஏதாச்சும் சொல்லணுமா அதப் பத்தி?"

யாரும் வாய் திறக்கவில்லை. யுகேந்திரன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஹாஃபிஸ் தொப்பியைக் கழற்றி வாயில் கவ்வியிருந்தான். டாக்டர் கஸ்தூரி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடினார். "ஈடுபாடுன்னு அறிக்கையில நெறய எழுதியிருந்தீங்க," என்றார் மரியாதையாக. குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எலைன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். தனக்காக ஒரு வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பேசினாலும் துவாஸ், பேசாவிட்டாலும் துவாஸ். எப்படியும் ஸ்குருதான் என்றால், கடைசியாக ஒரு நல்ல வகுப்பு நடத்திவிட்டுப் போகலாமே. அவள் முன்னே வந்து, டப்பாவை மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தாள்.

"எங்க தப்பு?"

மழைக்காலத்தில் அணை திறந்ததுபோல் இருந்தது.

"லாரி பத்து டன்னு மிஸ்! இந்தத் தூணுக்குப் பத்து, அந்தத் தூணுக்குப் பத்து. மிச்சம் பத்து டன்ன டோல்ல ஏத்துனாங்களா?" யுகேந்திரன் ஏற்கெனவே பெஞ்சின்மேல் இருந்தான்.

"அம்புக்குறியப் பாருங்க மிஸ்!" என்றாள் அமண்டா. "தூணு பாலத்தக் கீழ இழுக்குது! தூணு தாங்கணுமா, இழுக்கணுமா?"

"இரு இரு, ரெண்டு பக்கமும் பத்துதான்னு சார் சொன்னா சாருக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும்," என்று ஹாஃபிஸ் இயக்குநர் கட்சியில் சேர்ந்தான். அவனுக்குப் பிடித்ததே எதிர்க்கட்சிதான். "பாலத்தோட எடயச் சேர்த்திருப்பாரு."

"பாலத்தோட எட ஒண்ணுமில்லன்னு அவரே சொன்னாருடா! வீடியோவத் திருப்பிப் போடு!"

திருப்பிப் போட்டார்கள். சொல்லியிருந்தார். ஹாஃபிஸின் கட்சி விழுந்தது. மனோகரனின் முகம் கழுத்துப் பட்டையின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவர் எலைனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் துவாஸ் தெளிவாகத் தெரிந்தது.

"சோதிச்சுப் பாக்கலாம்," என்றார் டாக்டர் கஸ்தூரி. அவர் எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. "எடை மெஷின் இருக்கா?"

உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து இரண்டு வந்தன. அவற்றின் மேல் ஒரு தடித்த பலகையைப் பாலமாகப் போட்டு, முள்ளைச் சுழியத்துக்குத் திருப்பினார்கள்.

"லாரிக்கு யாரு?"

வகுப்பு முழுவதும் ஒரே திசையில் பார்த்தது. டாக்டர் கஸ்தூரியும் அதே திசையில் பார்த்தார். "பேராசிரியரே, நீங்களே ஏறுங்க. உங்க பாலம்தான்."

குழுத் தலைவர் சொல்லும்போது மறுக்க முடியாது. மனோகரன் கோட்டோடு ஏறிப் பலகையின் நடுவே நின்றார். இரண்டு முள்ளும் நகர்ந்து நின்றன. யுகேந்திரன் குனிந்து படித்தான்.

"இந்தப் பக்கம் நாப்பத்தஞ்சு. அந்தப் பக்கம் நாப்பத்தஞ்சு. ஆக சார் தொண்ணூறு கிலோ."

"வீடியோ கணக்குப்படி?" என்று கேட்டாள் எலைன். அவளால் நிறுத்த முடியவில்லை.

"வீடியோ கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் தொண்ணூறு காட்டணும் மிஸ். அப்படின்னா மேல ரெண்டு சார் நிக்கணும்."

சிரிப்பு வெடித்தது. பக்கத்து அறை விரிவுரையாளர் புகார் சொல்ல வந்து, இயக்குநர் எடை மெஷின்களுக்கு நடுவே நிற்பதைக் கண்டு, புகாரை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அமண்டா, "சார் கொஞ்சம் இடது பக்கம் நடங்க சார்... இன்னும் கொஞ்சம்..." என்று லாரியை ஓட்டினாள். அவர் நடக்க நடக்க ஒரு முள் ஏறியது, இன்னொன்று இறங்கியது. மாணவர்கள் எண்களைக் கத்தினார்கள், கரும்பலகையில் எழுதினார்கள், கூட்டினார்கள். எங்கே நின்றாலும் தொண்ணூறுதான். நாலாவது தடவை நடக்கும்போது மனோகரனே குனிந்து முள்ளைப் பார்த்தார். "அட, கூட்டினா சரியா வருதே!" என்று அவர் சொன்னதை எலைன் கேட்டாள். மனிதர் அந்த நிமிடத்துக்கு எல்லாப் பட்டங்களையும் மறந்திருந்தார்.

"இன்னொரு தப்பும் இருக்கு," என்றார் டாக்டர் கஸ்தூரி. "மொதல்ல பாலத்தோட நீளம் இருவது மீட்டர். கடைசிப் படத்துல இருநூறு மீட்டர்."

வகுப்பு திகைத்தது. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"மேடத்துக்குக் கரிபாப்!" என்றான் யுகேந்திரன்.

டாக்டர் கஸ்தூரி கரிபாப்பைக் கடித்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு, பலகையிலிருந்து இறங்கி வேர்த்துக்கொண்டு நின்ற மனோகரனைப் பார்த்தார்.

"பேராசிரியரே, எத்தனையோ கல்லூரிக்குப் போயிருக்கேன். தான் பெரிய ஆளுன்னு காட்டறவங்களத்தான் பாத்திருக்கேன். பசங்க யோசிக்கணும்ங்கறதுக்காக, தன் வீடியோலயே வேணும்னு இத்தன தப்பு வைக்கற மனசு யாருக்கு வரும்? அதுவும் இவ்வளவு அசட்டுத் தப்பு!"

மனோகரன் எலைனைப் பார்த்தார். எலைன் கரிபாப் டப்பாவைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"அதுதான் மேடம் என்னோட அணுகுமுற. ரொம்ப வருஷ ஆராய்ச்சி."

மற்ற இரண்டு உறுப்பினர்களும் கைதட்டினார்கள். அவர்கள் வாயிலும் கரிபாப் இருந்தது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மாணவர் ஈடுபாட்டில் கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம். மனோகரன் எலைனைக் கூப்பிட்டனுப்பினார். "ஒக்காருங்க," என்றார். அந்த அறையில் அவளிடம் அவர் அதைச் சொன்னது முதல் முறை.

"ஒங்கள நிரந்தரமாக்கியாச்சு. என்னோட அணுகுமுறய ஒங்களவிட நல்லாப் புரிஞ்சுக்கிட்டவங்க இங்க இல்ல."

"நன்றி சார்."

அன்று டோரிஸ் வீட்டில் நண்டுக் குழம்பு. வகுப்பில் பாதிப் பேர் அழைக்காமலே வந்துவிட்டார்கள். ஹாஃபிஸ் அக்காள் பிள்ளையையும் தூக்கி வந்திருந்தான். ரேமண்ட் துவாஸில் காலியாக வைத்திருந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிப் பேசிவிட்டு, "சரி, அந்த ஸ்குரு பொழச்சுச்சு," என்றார்.

"அடுத்த பேட்ச் பசங்களுக்கு இன்னும் கஷ்டமான தப்பா வைங்க மிஸ்," என்றான் யுகேந்திரன். "எங்களுக்கு வச்சதெல்லாம் சுலபம்."

"நீ மொதல்ல பரீட்சைல பாஸ் பண்ணு," என்றாள் அமண்டா.

வகுப்பில் எல்லோரும் பாஸ் செய்தார்கள். கல்லூரி தென்பகுதியிலேயே முதன்முதலாகத் தலைகீழ்க் கற்றல் மையம் ஒன்றை நிறுவியது. எலைனை அதன் தலைவராக்கினார்கள். தனி அறை, குளிர்சாதனம், சுவரில் பெரிய திரை, கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை எல்லாம் கொடுத்தார்கள்.

மையத் தலைவர்களுக்கு வகுப்பு கிடையாது.